பனிநாட்டில் நம்மவர்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டைக் கொடிக்கால்களின்மீது மார்கழி வைகறையில் படரும் பனி, கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடும். நாம் அறிந்த பனி அவ்வளவே. கனடாவின் டொராண்டோ நகர்த் தமிழரோ, திங்கட்கணக்கில் மீண்டும் மீண்டும் பெய்து நிலத்தை மூடும் உறைபனியையும் அதே சொல்லால்தான் வழங்குகின்றனர்.

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து பல்லாயிரவர் அந்நகரில் குடியேறினர். இன்று தமிழகத்து மாணவரும் உயர்கல்விக்காக அங்குச் செல்கின்றனர். வெப்பநாட்டில் பிறந்தோர் அக்குளிரைத் தாங்கும் முறையினை நாம் அறிந்திருத்தல் நலம்.

அங்குச் சனவரித் திங்களின் சராசரி வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 4 பாகை செல்சியசு. சில இரவுகளில் 20 பாகை வரையிலும் தாழ்வதுண்டு. வெப்பநிலையினும் கொடியது காற்று. நம் உடலைச் சூழ்ந்துள்ள மெல்லிய வெப்பக் காற்றுப் படலத்தை அது அடித்துச் சென்றுவிடுகிறது. காற்றின் விரைவையும் சேர்த்துக் கணிக்கும் குளிரளவு சுழியத்திற்குக் கீழ் 28ஐ எட்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். காது, மூக்கு, விரல் நுனி ஆகியவையே முதலில் பாதிக்கப்படும்.

ஆடை நமக்கு வெப்பம் தருவதில்லை; உடலின் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. ஆதலின் தடித்த ஓர் ஆடையினும், இடையிடையே காற்றை அடக்கும் மூன்று அடுக்கு ஆடைகளே சிறந்தவை. உள்ளாடை வியர்வையை வெளியேற்ற வேண்டும். இடையாடை கம்பளியாகவும் மேலாடை காற்றுப் புகாததாகவும் அமைதல் வேண்டும். நாம் விரும்பி அணியும் பருத்தி, வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராது, உடலைக் குளிர்வித்துவிடும்.

வாடைக்காலத்தில் மாந்தர் சாளரங்களை அடைத்துக் கணப்புச் சட்டியில் தீக்காய்ந்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. அவ்வழக்கத்தை இன்றைய அடைத்த வீடுகளில் பின்பற்றினால் உயிருக்கே கேடு நேரும். 2013 டிசம்பரில் வீசிய உறைமழைப் புயலால் டொராண்டோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அற்றன. பல வீடுகள் நாள்கணக்கில் குளிரில் கிடந்தன. இத்தகைய வேளையில் வீட்டிற்குள் கரியடுப்பை மூட்டுதல் ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

குளிரைப் போன்றே இருளும் வருத்தும். டிசம்பரில் அங்குப் பகற்பொழுது 9 மணி நேரமே. வெயிலின் வலிமை குன்றுவதால் தோலில் வைட்டமின் டி உண்டாவது அரிதாகிறது. கருநிறத் தோலினர்க்கு இக்குறை மிகுதி. எனவேதான் கனடாவில் பாலில் அச்சத்தைச் சேர்ப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை உட்கொள்வோரும் உளர்.

ஆயினும் அறைக்குள் தனித்திருப்போரின் மனச்சோர்வை மாத்திரை மட்டும் போக்கிவிடாது. தைப்பொங்கல் அக்கடுங்குளிரில்தான் வருகிறது. அதனையொட்டிச் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ மாநிலம் 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றன. ஆண்டின் குளிர்மிகு திங்களே அங்குத் தமிழர் பெரிதும் ஒன்றுகூடும் திங்களாயிற்று.

அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கம்பளியாடை வாங்கித் தருவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. வாரம் ஒருமுறையேனும் நாலுபேர் கூடும் இடத்திற்குச் செல்லுமாறும் சொல்லி அனுப்புவோம். உடற்குளிரை ஆடை காக்கும். உள்ளத்துக் குளிரை உறவே காக்கும்.