கழுதைப் பாதைக்கு மேலே ஒரு விமானம்

தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியாவுக்குக் கடற்கரையே கிடையாது. ஒருபுறம் ஆண்டிஸ் மலை. மறுபுறம் அடர்ந்த காடு. அந்தக் காலத்தில் கோச்சபாம்பா நகரிலிருந்து சாந்தா குரூஸ் போய்ச் சேரவே பல நாட்களாகும்!

1925ல் அந்நாட்டின் சுதந்திர நூற்றாண்டு விழா. அங்கு குடியேறிய ஜெர்மானியர்கள் 'ஜங்கர்ஸ் எப் 13' விமானம் ஒன்றைப் பரிசளித்தனர். பயணிகள் நான்கு பேர்தான் அமரலாம். அதைக் கொண்டே, 'லாய்டு ஏரியோ பொலிவியானோ' நிறுவனம் கோச்சபாம்பாவில் பிறந்தது. பல நாள் பயணம் சில மணி நேரமானது. மக்கள் எப்படி வாய் பிளந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்!

1932ல் பராகுவேயுடன் சாக்கோ போர் மூண்டது. அப்போது வீரர்களைச் சுமந்து சென்றதிலும், காயம்பட்டவர்களைத் திரும்பக் கொண்டு வந்ததிலும் இந்நிறுவன விமானங்களுக்கும் பங்குண்டு.

பின்னாளில் ஜெட் விமானங்களும் வந்தன. கூடவே கடனும் வந்து கழுத்தை நெரித்தது. 2007ல், 81 வயதில், வழக்கமான சேவை நின்றது. 2009ல் அரசின் புதிய விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியது. அதற்கும் தலைமையகம் கோச்சபாம்பாதான்!