குதிரையேற்றப் போட்டியில் மருந்து விதியும் நீதியும்

ஒலிம்பிக் விளையாட்டுக்களுள் ஆணும் பெண்ணும் வேறுபாடின்றி ஒரே களத்தில் எதிரெதிர் நின்று போட்டியிடும் துறை குதிரையேற்றம். அதனினும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது யாதெனின், அத்துறையிற் களம் புகுவோர் ஒருவர் அல்லர், இருவர் என்பதே. ஒருவர் மனிதர், மற்றையது குதிரை. வெற்றி கிட்டியவிடத்துப் பதக்கம் மனிதரின் கழுத்தில் ஏறுகின்றது. குதிரையின் குருதியிலோ சிறுநீரிலோ விலக்கப்பட்ட மருந்து காணப்பட்டவிடத்துத் தண்டமும் அம்மனிதரையே சாருகின்றது. மருந்தை அவர் கொடுத்தாரா, கொடுப்பித்தாரா, பிறர் கொடுத்ததை அறிந்திருந்தாரா என்னும் வினாக்கள் யாவும் அதன் பின்னரே எழுவன. குற்றம் செய்தான் என்று துணிந்த பின்னரே ஒருவனைத் தண்டித்தல் வேண்டும் என்னும் பொது நீதியோடு இவ்விதி எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை ஆராய்வதற்கு முன்னர் விதி பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும்.

குதிரைக்கு மருந்தூட்டும் வழக்கம் முதலில் வளர்ந்தது பந்தயத் திடல்களிலேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பயிற்றுநர் சிலர் கொக்கெயின் போன்ற கிளர்ச்சி மருந்துகளைக் கையாண்டு, சோர்ந்த குதிரைகளையும் வெற்றி பெறச் செய்தனர். ஜோர்ஜ் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் பயிற்றுநர், இத்தீங்கின் அளவைப் பந்தய அதிகாரிகளுக்கு உணர்த்தும் பொருட்டு, முன்னரே அறிவித்துவிட்டுத் தம் குதிரைகளுக்கும் அம்மருந்தை ஊட்டிக் காட்டினார். 1903 ஆம் ஆண்டில் அங்குள்ள ஜொக்கி கழகம் மருந்தூட்டலைத் தடை செய்தது. அன்றைய விதி முதன்மையாகக் காத்தது குதிரையை அன்று. பந்தயத்திற் பணம் கட்டினோரின் பணப்பையையே. குதிரையின் நலம் விதியின் நடுவிடத்துக்கு வந்தது மிகப் பிந்திய காலத்திலாகும்.

போட்டிக் குதிரைக்கு மருந்து கொடுப்போர் நாடும் பயன் மூவகைப்படும். ஊக்குவித்தல் ஒன்று. அமைதிப்படுத்தல் மற்றொன்று, துள்ளும் இயல்புடைய குதிரை, நடைநயத்தைக் காட்டும் போட்டியில் அடக்கமாக அடியெடுத்து வைத்தற்கு இது பயன்படும். மூன்றாவது நோவை மறைத்தல். மூன்றனுள்ளும் கொடியது இதுவேயாம். காலில் ஊறுபட்ட குதிரை நோவினால் நொண்டுமாயின் அதன் பாகன் நிறுத்துவான். நோவு மறைக்கப்பட்டவிடத்துக் குதிரை தன் காலை முழு வலியோடும் ஊன்றும், ஊறு முறிவாகும். மனித வீரர் ஒருவர் நோவைப் பொறுத்து ஓடுவதா, ஒதுங்குவதா என்று தாமே தீர்மானிக்கலாம். வாயில்லாச் சீவனாகிய குதிரைக்கு அத்தெரிவு இல்லை. மனித வீரருக்கு வைத்தியக் காரணம் பற்றிச் சில மருந்துகளைப் பயன்படுத்தச் சிறப்பு அனுமதி எளிதிற் கிடைத்தலும், குதிரைக்கு அத்தகைய அனுமதி பெரும்பாலும் மறுக்கப்படுதலும் இக்காரணத்தாலேயே. நோயுற்ற குதிரைக்கு மருந்து கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆயின் மருந்து உடலை விட்டு நீங்கும்வரை அது போட்டியிடலாகாது என்பதே விதியின் சாரம்.

1921 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, சுவிற்சர்லாந்தின் லொசான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் இவ்விதிகளை வகுத்து நடத்துகின்றது. 2010 ஆம் ஆண்டு முதல் அது மருந்துகளை இருவகையாகப் பகுத்துள்ளது. போட்டிக் குதிரைக்கு எக்காலத்தும் கொடுக்கத்தகாதவை ஒருவகை. இவை தடைசெய்யப்பட்ட பொருள்கள். மிருக வைத்தியர் நோய் தீர்க்க வழங்கும், ஆயின் போட்டிக் காலத்தில் உடலில் இருத்தலாகாத மருந்துகள் மற்றொரு வகை. இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன்னையதற்குப் பொது விதிப்படி இரண்டு ஆண்டு இடைநிறுத்தமும், பின்னையதற்கு ஆறு மாத இடைநிறுத்தமும் உண்டு. இருவகையிலும் பொறுப்பாளி எனக் கொள்ளப்படுபவர் குதிரையில் ஏறிய வீரரே. மருந்து காணப்பட்டதென்ற அளவில் விதிமீறல் நிலைபெறும். அது எவ்வாறு உடலுட் புகுந்தது என்பதையும், அதிற் தம் பிழை இன்மையையோ குறைவையோ எடுத்துக்காட்டும் பாரம் வீரர்மேலது.

இனி, அதென்ஸ் நகரில் 2004 ஆம் ஆண்டு நடந்ததை நோக்குவாம். அயர்லாந்து நாட்டுக் கியன் ஓ'கொனர், வோற்றர்போட் கிறிஸ்ரல் என்னும் குதிரையில் ஏறித் தடைதாண்டும் தனிநபர் போட்டியிற் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் அக்குதிரையின் மாதிரியிற் புளூபெனசீன், சுக்லோபென்திக்சோல் என்னும் இரு மருந்துகள் காணப்பட்டன. இவை மனித மனநோயாளருக்கு வழங்கப்படும் மருந்துகள். போட்டிக்குச் சில வாரங்களின் முன் நடந்த சிகிச்சையொன்றின்போது குதிரையை அமைதிப்படுத்த அவை கொடுக்கப்பட்டன என்பது அவர் பக்கத்தின் விளக்கம். இவ்வழக்குத் துப்பறியும் கதை போலவும் ஆயிற்று: இரண்டாம் சிறுநீர் மாதிரி இங்கிலாந்திலுள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டு செல்லப்படும் வழியிற் களவு போயிற்று. 2005 மார்ச்சில் விசாரணை முடிந்தது. குதிரையின் ஆற்றலை மாற்ற அவர் வேண்டுமென்றே முயன்றிலர் என்பதைத் தீர்ப்பாளர் ஏற்றனர். ஏற்றும் பதக்கத்தைப் பறித்தனர்; மூன்று மாதம் இடைநிறுத்தினர். தங்கம் பிரேசில் நாட்டு ரொட்ரிகோ பெசோவாவுக்குச் சென்றது.

அதே விழாவில் ஜேர்மனியின் லுட்கர் பேயர்பவும் ஏறிய கோல்ட்பீவர் என்னும் குதிரையிற் பீற்றாமெதசோன் காணப்பட்டது. தோலில் உண்டான அழற்சிக்குப் பூசிய களிம்பின் வழியாக அது புகுந்தது. அவருடைய புள்ளிகள் நீக்கப்படவே, குழுப் போட்டியிற் தங்கம் வென்ற ஜேர்மனி வெண்கலத்துக்கு இறங்கியது. ஐக்கிய அமெரிக்கா தங்கத்துக்கு ஏறியது. களிம்பு பூசிய கையால் ஏனைய குழுவினரின் பதக்கமும் கழன்றது.

இவ்விடத்து இரண்டு பொருள்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. பெறுபேற்றை நீக்குதல் வேறு. வீரரை இடைநிறுத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு வாதிடுதலாலேயே குழப்பம் மிகுகின்றது. பெறுபேற்றை நீக்குதல் தண்டமன்று எனலாம். மருந்தின் துணை பெற்றிருக்கக்கூடிய குதிரையோடு, மருந்தில்லாக் குதிரையைக் கொண்டு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றவருக்கும் நீதி உண்டன்றோ? முதலாமவர் குற்றமற்றவர் என்பதனால் இரண்டாமவரின் இழப்புத் தீர்ந்துவிடாது. மேலும், நோக்கத்தை நிறுவினாலன்றிப் பெறுபேற்றைத் தொடலாகாது என்று விதித்தால், லாயத்தில் நள்ளிரவில் நடந்ததற்குச் சான்று தேடிப் போகவேண்டும். சாட்சி சொல்லக்கூடிய ஒரே உயிர் குதிரை. ஆதலின் பெறுபேற்றைப் பொறுத்தவரை இக்கடுவிதி நியாயமுடையதே. இடைநிறுத்தமோ அத்தன்மையதன்று. அது ஒருவரின் தொழிலையும் பெயரையும் தாக்குவது. அதன் அளவு அவரது பிழையின் அளவைத் தழுவியே அமைதல் வேண்டும். இங்கேதான் நடைமுறை தடுமாறுகின்றது.

அத்தடுமாற்றத்துக்கு 2008 ஆம் ஆண்டு தக்க எடுத்துக்காட்டு. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹொங்கொங்கில் நடந்தன. அங்கே நான்கு குதிரைகளிற் கப்சேசின் என்னும் பொருள் காணப்பட்டது. இது நம்மவர் அடுக்களையில் நாடோறும் புழங்கும் மிளகாயின் காரப்பொருளேயாம். இதற்கு இரு முகங்கள் உண்டு. முதுகிலோ தசையிலோ பூசினால் நோவைத் தணிக்கும். முன்னங்காலிற் பூசினாலோ தோலைக் கூருணர்வுடையதாக்கும். கால் மரத்தடையிற் பட்டால் எரிவு மிகும் என்றஞ்சிக் குதிரை உயரத் தாவும். முதலாவது வைத்தியம், இரண்டாவது கொடுமை. ஆய்வுகூடமோ பொருளைக் கண்டுபிடிக்குமேயன்றி, அது முதுகிற் பூசப்பட்டதா காலிற் பூசப்பட்டதா என்று கூறமாட்டாது.

தீர்ப்புக்கள் எங்ஙனம் அமைந்தன? அயர்லாந்தின் டெனிஸ் லிஞ்சுக்கு மூன்று மாதம். நோர்வேயின் ரொனி அன்ட்ரே ஹான்சனுக்கு நாலரை மாதம். அவரது நாடு குழு வெண்கலத்தை இழக்க, அது சுவிற்சர்லாந்துக்குச் சென்றது. ஜேர்மனியின் கிறிஸ்ரியன் ஆல்மனுக்குச் சம்மேளனம் விதித்தது நான்கு மாதம். அது போதாதென்று மேன்முறையீடு செய்தது வேறெவருமல்லர், அவருடைய சொந்த நாட்டுச் சம்மேளனமே. விளையாட்டுத்துறை நடுத்தீர்ப்பு மன்றம் அதனை எட்டு மாதமாக்கிற்று. அதென்ஸிற் பிறருடைய வீழ்ச்சியாற் தங்கம் பெற்ற பெசோவாவும் இம்முறை தப்பினாரல்லர். அவருடைய குதிரையாகிய ரூபஸில் கப்சேசினை ஒத்த நொனிவமைட் காணப்பட, அவர் தமது ஐந்தாமிடத்தை இழந்து நாலரை மாத இடைநிறுத்தமும் பெற்றார். ஒரே விழா, ஒரே பொருள், மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை தண்டம். வழக்குக்கு வழக்கு விவரம் வேறுபடும் என்பது மெய்யே. ஆயினும் இவ்வேறுபாட்டிற் பெரும்பங்கு பிழையின் அளவாலன்றி, மேன்முறையீடு செய்வார் உளராதல் இலராதலால் விளைந்ததென்றே தோன்றுகின்றது.

விதி எதனை மருந்தென்று கொள்ளுகின்றது என்பதிலும் நாடுகளிடையே ஒருமை இல்லை. பினைல்பியூற்றசோன் என்னும் நோவகற்றி இதற்குச் சான்று. 1968 ஆம் ஆண்டு கென்ரக்கி டேபி என்னும் புகழ்பெற்ற பந்தயத்தில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்னும் குதிரை இம்மருந்தினாலேயே பரிசை இழந்தது. சில ஆண்டுகளில் அதே மாநிலம் அம்மருந்தை அனுமதித்தது. 2009 நவம்பரிற் கொப்பன்ஹேகனிற் கூடிய குதிரையேற்றச் சம்மேளனப் பொதுச்சபை, இதனையும் புளூனிக்சின் முதலியவற்றையும் குறித்த அளவுக்குட் போட்டிக் காலத்தில் அனுமதிக்கலாம் என்று சிறிய பெரும்பான்மையால் முடிவு செய்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் பெருங்கண்டனம் எழுந்தது. முடிவு நடைமுறைக்கு வராமலே நிறுத்தப்பட்டுக் கைவிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போட்டிகளிலோ இம்மருந்து வரையறுத்த அளவுக்கு ஏற்கப்படுகின்றது. ஆகவே, ஒரு வாரம் தம் நாட்டில் முறையாகக் கொடுத்த மருந்துக்காக அடுத்த வாரம் அனைத்துலகப் போட்டியில் ஒருவர் தண்டிக்கப்படலாம். நோவை மறைத்தலின் தீமையை மேலே கண்டோம். அதனை எண்ணுமிடத்துக் கடுமையான விதியே சிறந்தது. எனினும் எல்லைக்கு எல்லை மாறும் விதியை மீறியவரைக் கயவர் என்று தூற்றுதல் அறமாகாது.

ஆய்வுக் கருவிகளின் கூர்மையும் ஒரு புதிய இடர்ப்பாட்டை விளைத்துள்ளது. 2021 ஆம் ஆண்டுக் கென்ரக்கி டேபியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் என்னும் குதிரையின் குருதியில், ஒரு மில்லிலீற்றருக்கு 21 பிக்கோகிராம் பீற்றாமெதசோன் காணப்பட்டது. பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சங்கோடியில் ஒரு கூறு. தோற் களிம்பே காரணம் என்று பயிற்றுநர் தரப்பினர் வாதிட்டனர். பந்தய நாளில் அம்மருந்து எவ்வளவும் இருத்தலாகாது என்பதே அங்குள்ள விதியாதலின், 2022 பெப்ரவரியில் வெற்றி நீக்கப்பட்டது. தீர்ப்பு வருமுன்னரே, 2021 டிசம்பரில், குதிரை இறந்துவிட்டது. இங்கிலாந்தின் எலிசபெத்து மகாராணியாருக்குச் சொந்தமான எஸ்ரிமேற் என்னும் குதிரையும் 2014 இல் அஸ்கொட் தங்கக் கிண்ணப் போட்டியிற் பெற்ற இரண்டாமிடத்தை இழந்தது. தீவனத்திற் கலந்திருந்த கசகசாச் செடியின் மோர்பீனே அதற்குக் காரணம். அரசியின் குதிரைக்கும் விதி வளையவில்லை என்பது பாராட்டத்தக்கது. தீவனத்தாலும் சூழலாலும் எளிதிற் கலக்கக்கூடிய பொருள்களைக் குதிரையேற்றச் சம்மேளனம் பின்னர்த் தனிவகையாகக் குறித்து, அவை பற்றிய தண்டத்தை நெகிழ்த்த இடம் வைத்துள்ளமையும் நன்றே.

பொறுப்பாளி யார் என்பது மற்றொரு சிக்கல். குதிரையைப் பேணுவோர் பயிற்றுநர், மிருக வைத்தியர், குதிரைப் பணியாளர் எனப் பலர். 2009 ஆம் ஆண்டு, டுபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ரஷீத் அல் மக்தூம் நெடுந்தூர ஓட்டப் போட்டிகளில் ஏறிய குதிரையில் ஸ்ரனோசலோல் காணப்பட்டது. அக்காலத்திற் சம்மேளனத் தலைவியாயிருந்தவர் அவருடைய மனைவியாகிய இளவரசி ஹயா. அவர் இவ்விசாரணையினின்றும் விலகி நின்றார். ஏறியவருக்கு ஆறு மாதமும், மருந்து பற்றிய பொறுப்பை ஏற்ற பயிற்றுநருக்கு ஓராண்டும் இடைநிறுத்தம் விதிக்கப்பட்டன. கொடுத்த கைக்கு மிகுதியும் ஏறிய காலுக்குக் குறைவுமாகத் தண்டத்தைப் பங்கிட்ட இம்முறை பொருத்தமானதே. ஏறியவரை மாத்திரம் தண்டித்தால் மருந்துப் பெட்டியின் திறப்பு வைத்திருப்பவர் அடுத்த லாயத்துக்கு இடம் மாறுவார், அவ்வளவே.

இடைநிறுத்தத்தின் நீளத்தை மாதக் கணக்கால் மட்டும் அளத்தலும் போதாது. பெரும்போட்டி இல்லாத காலத்தில் வரும் மூன்று மாதம் ஓய்வு போன்றது. ஒலிம்பிக்குக்கு முன் வரும் மூன்று மாதம் நான்கு ஆண்டுக்கு ஒப்பானது. 2005 இல் மூன்று மாதம் விலகியிருந்த ஓ'கொனர், 2012 இல் இலண்டனிற் தனிநபர் வெண்கலம் பெற்றார். மறுபுறம், 2019 ஆம் ஆண்டு லீமா நகரில் நடந்த அமெரிக்கக் கண்ட விளையாட்டு விழாவிற் கனடா நாட்டு வீராங்கனை ஒருவரின் சிறுநீரிற் கொக்கெயினின் சிதைபொருள் காணப்பட்டது. இம்முறை சோதனை குதிரைக்கன்று, மனிதருக்கு. பேரு நாட்டில் யாவரும் சாதாரணமாக அருந்தும் கோக்கா இலைத் தேநீரைப் பருகியதே காரணம் என்று அவர் கூறினார். அவருடைய பெறுபேறு நீக்கப்படவே, நாலாமிடம் பெற்றிருந்த கனடாக் குழு ஏழாமிடத்துக்கு இறங்கியது. ரோக்கியோ ஒலிம்பிக்கிற் தடைதாண்டும் குழுப் போட்டிக்கு அது பெற்றிருந்த இடமும் போயிற்று. 2020 ஜனவரியில் நடுத்தீர்ப்பு மன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியது. மற்றை மூவரும் குழுவாகக் களம் புகும் வாய்ப்பை இழக்க, அவ்விடம் ஆர்ஜென்டீனாவுக்குச் சென்றது.