கொழுந்து பறிக்கும் கட்டைவிரல்

தோட்டத் தொழிலாளியைத் ‘திறன்சாராத் தொழிலாளி’ என்று வகைப்படுத்துவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. மலேசியாவின் கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு, அந்தச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கும் அந்தப் பெயர்தான். மனிதக் கையின் உடற்கூறு தெரிந்த எவரும் இப்படிச் சொல்லத் துணியமாட்டார்.

கூடைக்கு வேண்டியது ஒரு மொட்டும் அதற்குக் கீழே உள்ள இரண்டு இளம் இலைகளும். முற்றிய இலை சேர்ந்தால் தரம் கெடும். கசக்கிப் பறித்தால் ஆலைக்குப் போகும் முன்பே இலை சிவக்கத் தொடங்கிவிடும். ஆகவே கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரலும் தண்டை மெல்லப் பிடிக்கின்றன, மணிக்கட்டு சற்றே திரும்புகிறது, தண்டு ஒடிகிறது. இரண்டு கைகளும் தனித்தனியாக இதைச் செய்ய, கண் அதற்குள் அடுத்த கொழுந்துக்குத் தாவியிருக்கும்.

தோட்டத்துக்கு மேலே உள்ள மலைக்காட்டில் நம் உறவினர் ஒருவர் வாழ்கிறார். தொண்டைப் பையை ஊதிக்கொண்டு காலையில் இணையோடு சேர்ந்து பாடும் சியாமாங், கிப்பன் இனங்களிலேயே பெரியது. நாம் கிப்பன்களிடமிருந்து பிரிந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் நான்கு விரல்களும் நீண்டு கொக்கிபோல் வளைந்து கிளையைப் பற்றும். கட்டைவிரலோ உள்ளங்கையிலிருந்து ஆழமான பிளவால் பிரிந்து, கிளைவிட்டுக் கிளை ஊசலாடும்போது வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கட்டைவிரல் நுனியை மட்டும் தனியாக மடக்குவதற்கென்று நம் முன்கையில் ஒரு தசை இருக்கிறது. நமக்கு மிக நெருங்கிய சிம்பன்சிக்கு அது பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டது, அல்லது இல்லவே இல்லை. தொலைதூரச் சொந்தமான கிப்பனுக்கு அது தனித் தசையாகவே இருக்கிறது! பரிணாமத்தை ஏணியாக நினைப்பவர்கள் இந்த ஒரு தசையைப் பார்த்தால் போதும்.

சிம்பன்சியும் நாமும் பிரிந்தது ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மரபணு எழுத்துகளை வரிசையாக ஒப்பிட்டால் வேறுபாடு 1.2 விழுக்காடு அளவே. ஆனால் சிம்பன்சியின் விரல்கள் நீளம், கட்டைவிரல் குட்டை. நுனியோடு நுனி சேர்ப்பது அதற்குச் சிரமம். சிறு பொருளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் இடுக்கிக்கொள்ளும். தண்டை இழுத்துவிடலாம். நாள் முழுக்க, அளந்த விசையில், இலை நசுங்காமல் ஒடிக்க அந்தக் கை அமையவில்லை.

நியாண்டர்தால் மனிதரிடம் வரும்போதுதான் கேள்வி சூடுபிடிக்கிறது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்த அவர்களுக்கு மூளை நம்முடையதைப் போலவே பெரிது, விரல் நுனிகள் அகலம், கட்டைவிரல் நீளம். 2020-இல் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமெலின் பார்டோவின் குழு, கட்டைவிரலின் அடிமூட்டு எலும்புகளை முப்பரிமாணத்தில் ஆராய்ந்தது. கைப்பிடி போட்ட கருவியை இறுகப் பற்றுவதற்கே நியாண்டர்தால் மூட்டு பொருத்தமானது, நுனிவிரல் பிடி அவர்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்திராது என்பது முடிவு.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டியோஸ் கராகோஸ்டிஸ் குழு வேறு பக்கத்திலிருந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தது. தசை எலும்பில் பற்றும் இடங்களில் வாழ்நாள் உழைப்பின் தடம் பதிகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், 19-ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்டவர்களின் தொழில் விவரம் ஏடுகளில் இருக்கிறது. கொத்தனாரின் கையெலும்பையும் தையல்காரரின் கையெலும்பையும் ஒப்பிட்டு, பளுவேலைக்கும் நுண்வேலைக்கும் உரிய தடங்களைப் பிரித்தறிந்தார்கள். நியாண்டர்தால் கைகளில் தெரிந்தது நுண்வேலைத் தடம். தொல்காலத்து நம் மூதாதையர் சிலரின் கைகளில்தான் பளுவேலைத் தடம் தெரிந்தது.

இரண்டு ஆய்வுகளும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. மூட்டின் வடிவம் எது எளிது என்று சொல்கிறது. தசைத்தடம் எதைச் செய்தார்கள் என்று சொல்கிறது. வசதியில்லாத மூட்டோடும் நுண்வேலை செய்து வாழ்ந்திருக்கலாம். எலும்பின் அமைப்பை மட்டும் வைத்து ஒருவரின் திறனை அளந்துவிட முடியாது. ‘திறன்சாராத் தொழிலாளி’ என்ற பெயரை வைத்து அளப்பது அதைவிட மோசம்.

கேமரன் மலையில் இப்போது விரலால் பறிப்பது அருகிவிட்டது. கத்தரியும், இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் பறிப்பு இயந்திரமும் வந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவற்றை இயக்குகிறார்கள். கத்தரியில் நுனிவிரலுக்கு வேலையில்லை. அதன் கைப்பிடியை உள்ளங்கை முழுவதுமாக இறுகப் பற்ற வேண்டும். நியாண்டர்தால் கட்டைவிரலுக்கு ஏற்றது என்று பார்டோ குழு சொன்னதும் ஏறக்குறைய இந்தப் பிடிதான்.