புயல் வர்ற அந்த நாலு நாளைக்கு உங்க எமர்ஜென்சி ஃபண்ட் எங்கே இருக்கும்?



2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை காலை. மிக்ஜாம் புயல் இன்னும் கரையைக்கூடக் கடக்கலை. முடிச்சூர்ல நாங்க வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டு வாசல்ல மணல் மூட்டை அடுக்கிட்டு, கொஞ்சம் பெருமையாவே நின்னுட்டிருந்தேன். தண்ணி வாசல் வழியா வரலை. பாத்ரூம் ஓட்டை வழியா உள்ளேயிருந்து பொங்கி வந்துச்சு.

அந்த நேரத்துல என் நிதி நிலைமையைச் சொல்றேன். லிக்விட் ஃபண்ட்ல 1,80,000 ரூபாய். பேங்க்ல புதுசா விழுந்த சம்பளம். சிபில் ஸ்கோர் 780. பர்ஸ்ல 140 ரூபாய். போன்ல சார்ஜ் 11 சதவீதம்.

கரண்ட் முந்தின ராத்திரியே போயாச்சு. மதியத்துக்குள்ள சிக்னலும் போச்சு. சாயங்காலம் முழங்கால் தண்ணியில நடந்து தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போனா, அங்கே ஸ்கேன் பண்ற அட்டை மட்டும் தொங்குது. பணம் வந்துச்சுன்னு கத்துற பெட்டி செத்துக் கிடக்கு. "காசு இருந்தா குடு தம்பி, இல்லைன்னா நோட்டுல எழுதிக்கிறேன்"னார். மூணு வருஷமா அவர்கிட்ட பால் வாங்குனதால எழுதிக்கிட்டார். அதே தெருவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி குடிவந்த ஒரு பையன் கையில ஒண்ணும் இல்லாம திரும்பிப் போனான். அவன் சம்பளம் என்னோடதைவிட ஜாஸ்தி.

அடுத்த நாள் 5-ஆம் தேதி. பைக் இஎம்ஐ மட்டும் நிமிஷம் தவறாம கழிஞ்சிடுச்சு. அந்த பைக் அப்போ சீட்டு வரைக்கும் தண்ணிக்குள்ள நின்னுட்டிருந்தது.

ஆறு மாச செலவை எமர்ஜென்சி ஃபண்டா வெச்சுக்கோங்கன்னு நம்ம வீடியோவுல நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அது வேலை போனா, ஆஸ்பத்திரி செலவு வந்தா உதவும். லிக்விட் ஃபண்ட்ல உடனடியா எடுக்குற வசதி 50,000 ரூபாய் வரைக்கும் இருக்கு, மிச்சம் அடுத்த வேலை நாள்ல வந்துரும். எல்லாம் சரி. ஆனா இது எல்லாத்துக்கும் போன்ல உயிர் இருக்கணும், டவர்ல கரண்ட் இருக்கணும், எதிர்ல இருக்குற கடைக்காரர்கிட்டயும் ரெண்டும் இருக்கணும். புயல் அடிக்கிற நாலு நாள்ல இந்த மூணும் ஒரே நேரத்துல போயிடும். அந்த நாலு நாளைக்கு ஒரு தனி ஃபண்ட் வேணும். அது வீட்டுக்குள்ள, தண்ணி ஏறாத உயரத்துல இருக்கணும்.

இது என்ன, எப்பவோ வர்றதா?

தாம்பரத்துல சமீபத்துல குடிவந்தவங்களுக்காகச் சொல்றேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்ஞ்ச மழையில, 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவாச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகுல ஆட்களை எடுத்தாங்க. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டே நாள் கணக்குல மூடிக் கிடந்துச்சு. அடுத்த வருஷம் 2016 டிசம்பர் 12, வர்தா. 2023-ல மிக்ஜாம். பத்து வருஷத்துக்குள்ள மூணு பெருசு. நடுவுல வந்த சின்னச் சின்ன வெள்ளத்தை நான் கணக்குலயே சேர்க்கலை.

இன்னொரு விஷயம். மழை வந்தா எல்லாரும் டிவியில செம்பரம்பாக்கம் எத்தனை அடின்னு பார்த்துட்டு உக்காந்திருப்போம். ஆனா செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாறுல சேர்றது திருநீர்மலை கிட்ட. முடிச்சூர் அதுக்கு மேல்பக்கம் இருக்கு. இங்கே வர்ற தண்ணி ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிஞ்சு வர்றது. செம்பரம்பாக்கம் திறக்கலையேன்னு நிம்மதியா தூங்குனா, வீட்டுக்குள்ள தண்ணிதான் எழுப்பும். ஜிஎஸ்டி ரோட்டுக்குக் கிழக்கே, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் இருக்குறவங்களுக்குப் பொதுவா கதை வேற. அங்கே ஏரி ஏரியா வழிஞ்சு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும். அது நிரம்பிட்டா தண்ணி சீக்கிரம் வடியாது. உங்க தெருவுக்கு எந்த ஏரித் தண்ணி வருதுன்னு பத்து வருஷமா அங்கே இருக்குற ஒருத்தர்கிட்ட கேளுங்க. 2015-ல எந்தப் படி வரைக்கும் வந்துச்சுன்னு கையைக் காட்டிச் சொல்லுவாங்க.

ரொக்கம்

வர்தா வந்தப்போ பணமதிப்பிழப்பு அறிவிச்சு ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்தான். அதுக்கும் கியூ. புயல்ல கரண்ட் போச்சு, அந்த ஏடிஎம்மும் படுத்துருச்சு, கார்டு தேய்க்கிற மெஷினும் படுத்துருச்சு. அப்போ எங்க ஆபீஸ்ல லட்ச ரூபாய் சம்பளம் வாங்குனவர் டீ கடையில கடன் சொன்னார்.

இன்னைக்கு நாம அதைவிட மோசமான நிலைமையில இருக்கோம்னு எனக்குத் தோணுது. அப்போ ரொக்கம் கிடைக்கலை. இப்போ ரொக்கம் வெச்சுக்குற பழக்கமே போயிடுச்சு.

நான் வீட்டுல வெச்சிருக்குறது 6,000 ரூபாய். இதுல முக்கியம் தொகை இல்லை, சில்லறை. 500 நோட்டா வெச்சிருந்தா புயல் நேரத்துல 60 ரூபாய் பால் பவுடருக்கு யாரும் மிச்சம் தர மாட்டாங்க. மிக்ஜாம் நேரத்துல பாலுக்குத் தட்டுப்பாடு வந்து, சில இடத்துல பாக்கெட்டை ரெண்டு மூணு மடங்கு விலைக்கு வித்தாங்க. மிச்சம் கேட்டு நிக்கிற நேரத்துல அடுத்தவர் வாங்கிட்டுப் போயிடுவார். அதனால 3,000 ரூபாய் நூறு நோட்டா, 1,000 ரூபாய் ஐம்பது இருபதா, மீதி 500-ஆ வைங்க. ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல் பரண்ல. இதுக்கு வட்டி வராதேன்னு கேட்டா, ஆமா, வராது. வருஷத்துக்கு முன்னூறு, நானூறு ரூபாய் நஷ்டம். அதை நான் செலவுன்னே எழுதிக்கிட்டேன்.

பைக், கார் – உண்மையான நஷ்டம் இங்கேதான்

இப்போ என் பைக் கதைக்கு வர்றேன். தண்ணி வடிஞ்சதும் இன்சூரன்ஸ் இருக்கேன்னு தைரியமா பாலிசி பிடிஎஃப்பைத் திறந்தேன். மேலேயே 2026 வரைக்கும்னு போட்டிருந்தது. கீழே படிச்சப்போதான் தெரிஞ்சது, அது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்.

2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்குன புது பைக்குக்கு 5 வருஷமும், காருக்கு 3 வருஷமும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ஷோரூம்ல அதோட சேர்த்து நம்ம வண்டிக்கான ஓன் டேமேஜ் கவரைப் பெரும்பாலும் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுத் தருவாங்க. வெள்ளத்துல வண்டி போனா காசு தர்றது இந்த ரெண்டாவதுதான். முதல் வருஷம் முடிஞ்சதும் அது காலாவதி ஆயிடும். போலீஸ் பிடிச்சாலும் பேப்பர் செல்லும், அதனால நமக்கு உறைக்காது. எனக்கு அது முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. மெக்கானிக் பில் 14,600 ரூபாய், முழுக்க என் கையிலேர்ந்து. ரினியூ பண்ணியிருந்தா ஆகியிருக்கும் செலவு அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை. மாசாமாசம் எஸ்ஐபி போடத் தெரிஞ்ச எனக்கு ஒரு பிடிஎஃப்போட ரெண்டாவது பக்கத்தைப் படிக்கத் தெரியலை.

உங்க பாலிசியில ரெண்டு தேதி இருக்கும். ஓன் டேமேஜ் எப்போ முடியுதுன்னு பாருங்க. முடிஞ்சிருந்தா இன்னைக்கே பாருங்க, ஏன்னா விட்டுப்போன பாலிசியைத் திரும்ப எடுக்க வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவாங்க. ரெட் அலர்ட் வந்த அன்னைக்கு ஆரம்பிச்சா அது நடக்குறதுக்குள்ள மழை வந்துரும். முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா நோ கிளெய்ம் போனஸும் போயிடும்.

கார் வெச்சிருக்குறவங்களுக்கு இன்னொரு கண்ணி. தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒரு தடவை பண்ணிப் பார்க்கலாமேன்னுகூட வேணாம். இன்ஜின் சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, உள்ளே ராடு வளைஞ்சிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில, தண்ணி புகுந்ததுக்குத் தருவாங்க. நாம ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனதுக்குப் பொதுவா தர மாட்டாங்க. அதுக்கு இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கணும். தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சுன்னு போட்டோ எடுங்க, கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க, டோ பண்ணச் சொல்லுங்க. 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரை நிறுத்துனதைப் பார்த்து நிறைய பேர் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

வாடகை வீட்டுக்கும் இன்சூரன்ஸ் உண்டு

வீடு நம்மளுது இல்லையே, எதுக்கு இன்சூரன்ஸ்னு கேப்பீங்க. வீடு ஓனருது, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ நம்மளுது. 2021 ஏப்ரல்லேர்ந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரு பொதுவான பாலிசி இருக்கு, ஐஆர்டிஏஐ வகுத்தது. புயல், வெள்ளம் ரெண்டும் அதுல அடக்கம். வாடகைக்கு இருக்குறவங்க உள்ளே இருக்குற பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். நகைக்குத் தனியா சொல்லிச் சேர்க்கணும். பொருள்களோட பில்லை மெயில்ல போட்டு வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்து வைங்க. சர்வேயர் வர்றப்போ உங்க வாய்ச்சொல்லைவிட அது பேசும்.

எங்க தரைத்தளத்துக்கும் அதே கட்டடத்து முதல் மாடிக்கும் வாடகை வித்தியாசம் மாசம் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 18,000 மிச்சம்னு நான்தான் வீட்டுல கணக்குச் சொன்னேன். பைக், ஃப்ரிட்ஜ், மெத்தை, பிளைவுட் அலமாரி எல்லாம் சேர்த்து மிக்ஜாம்ல போனது 52,000. மூணு வருஷ மிச்சம் ஒரே ராத்திரியில போச்சு, ஒரு வாரம் லீவு தனி. அடுத்த மே மாசமே மாடிக்கு மாறிட்டோம். அப்பா கால் வலின்னு தரைத்தளம்தான் வேணும்னா தப்பில்லை. அந்த 1,500-ஐ மிச்சம்னு நினைக்காம, தனியா எடுத்து வைங்க.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடுறேன். அலர்ட் வந்ததும் மேல் டேங்க்கை நிரப்புங்க; சம்ப்புல வெள்ளத் தண்ணி கலந்துட்டா மோட்டார் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலேர்ந்து மேசை மேல ஏத்துங்க. பவர் பேங்க் ரெண்டு. சிலிண்டர் ஸ்பேர், இண்டக்‌ஷனை நம்பாதீங்க. அம்மா அப்பாவோட பிரஷர், சுகர் மாத்திரை பதினைஞ்சு நாளைக்கு. நனைஞ்ச ஃப்ரிட்ஜை எலக்ட்ரீஷியன் பார்க்காம பிளக்ல சொருகாதீங்க. டிகிரி சர்டிபிகேட்டைக் கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். இன்னைக்கே மேலே ஏத்துங்க. 2015-ல சான்றிதழ் போனவங்களுக்கு அரசாங்கம் சிறப்பு முகாம் நடத்துனாங்கதான். ஆனா வேலை மாறுற நேரத்துல ஒரிஜினலுக்காக அலையறது கொடுமை.

நிவாரணத் தொகையை நம்பி பட்ஜெட் போடாதீங்க. மிக்ஜாமுக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியா டோக்கன் போட்டுக் கொடுத்தாங்க. என் ரேஷன் கார்டு திருநெல்வேலியில இருந்துச்சு. இங்கே கார்டு இல்லாதவங்க தனியா விண்ணப்பம் கொடுக்கணும்னாங்க. நானும் கியூவுல நின்னு கொடுத்தேன். அந்தக் கியூவுல எனக்கு முன்னாடி நின்னவன், அண்ணாச்சி கடையிலேர்ந்து வெறும் கையோட திரும்பிப் போன அதே பையன். அவனும் ஓன் டேமேஜ் ரினியூ பண்ணலையாம்.

போன்ல சார்ஜ் இருக்கும்போதே இந்த நம்பர்களை ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க: மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, கரண்ட்டுக்கு மின்னகம் 94987 94987. அதுக்குக் கீழேயே பாலிசி நம்பரையும், ஓன் டேமேஜ் முடியுற தேதியையும் பேனாவால எழுதிடுங்க.