அரசாங்கத் தேர்வும் நடப்புச் செய்தியும்

நம் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலை கிடைப்பதில்லை என்ற குறை ஆண்டுதோறும் காதில் விழுகிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாமே நம் கையில் இல்லை. ஆனால் தேர்வுக்குத் தயாராவது நம் கையில் இருக்கிறது.

பொதுச் சேவை ஆணையத்திடமிருந்து அழைப்பு வந்த பிறகுதான் பலர் பொது அறிவுப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். அமைச்சர்களின் பெயர், மாநிலத் தலைநகரங்கள் என்று ஒரு வாரம் மனப்பாடம் நடக்கிறது. புத்தகம் பழையது என்றால் அமைச்சர்களே மாறியிருப்பார்கள்! பி.டி.டி. எனப்படும் நிர்வாக, அரச தந்திர அதிகாரி பதவிக்குப் போகிறவருக்கு இது போதாது. எழுத்துத் தேர்வைத் தாண்டினால் குழுக் கலந்துரையாடலும் நேர்முகத் தேர்வும் காத்திருக்கின்றன. அங்கே "எப்போது நடந்தது?" என்பதோடு விடமாட்டார்கள், "ஏன்?" என்பார்கள்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 ஜூலை 28-இல் மக்களவையில் நிறைவேறியது. அக்டோபர் 5-இல் அமலுக்கு வந்தது. குறிப்பேட்டில் இது ஒரு வரிதான். சற்றே பின்னால் போய்ப் பாருங்கள். 2018 பொதுத் தேர்தலில் அமைந்த அரசாங்கம் 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. அதன் பின்னரே இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. இது அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 222 இடங்கள் கொண்ட மக்களவையில் அது 148 பேர். இதன்வழி சேர்க்கப்பட்டதுதான் 49ஏ பிரிவு.

இனிதான் உண்மையான பயிற்சி. இந்தச் சட்டம் 2020-இல் இருந்திருந்தால் அந்த ஆட்சி தப்பியிருக்குமா? யோசித்தால் உடனே "ஆம்" என்று சொல்ல முடியாது. தானாகக் கட்சியை விட்டு விலகுகிறவர் தொகுதியை இழப்பார். கட்சியே நீக்கினால் இழப்பதில்லை. ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறினாலும் சட்டம் தொடாது. 2024-இல் பெர்சத்து உறுப்பினர்கள் ஆறு பேர் பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தபோது, அவர்களின் உறுப்பியம் முடிந்துவிட்டது என்றது கட்சி. அவர்களுடைய தொகுதிகள் காலியாகவில்லை என்று சபாநாயகர் முடிவு செய்தார். பழைய செய்திக்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரு புதிய பக்கம் சேர்ந்தது.

2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தே ஆசியானின் 11-ஆவது உறுப்பு நாடானதையும் இப்படியே பார்க்கலாம். 2011-இல் விண்ணப்பித்த நாடு ஏன் 14 ஆண்டுகள் காத்திருந்தது?

இன்னொன்றும் உண்டு. தமிழ் நாளிதழில் படித்து விவரம் தெரிந்துகொண்ட பிள்ளை, நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தடுமாறுவதைப் பார்க்கிறோம். விஷயம் தெரியாமல் அல்ல. தேசிய மொழியில் அதைச் சொல்லிப் பழகாததால்தான். கட்சித் தாவலுக்கு மலாயில் 'லொம்பாட் பார்ட்டி' என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது. தினம் ஒரு செய்தியை வெட்டி ஒட்டி, தேதி எழுதி, அதைப் பார்க்காமல் மலாயில் ஐந்து வாக்கியம், ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் உரக்கச் சொல்ல வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்க ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றுவதை வைத்து இதைச் செய்யக்கூடாது. நாடாளுமன்ற விவாதங்களின் ஹன்சார்ட் பதிவு, நாடாளுமன்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.