படத்தைத் தேடிப் போன காரும், தோட்டத்தைத் தேடி வந்த படமும்

படம் பார்க்க வேண்டுமென்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும் என்பது ஒரு காலத்து வழக்கம். கோலாலம்பூர் கொலிசியம், பிரிக்பீல்ட்ஸ் லிடோ என்று சொன்னாலே நம் பெரியவர்களின் முகம் மலர்ந்துவிடும். ஆனால், சுவரும் கூரையும் இல்லாத படக்கொட்டகைகளும் உலகில் உண்டு. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். காரை ஓட்டிச் சென்று, காருக்குள் அமர்ந்தபடியே படம் பார்க்கும் 'டிரைவ்-இன்' கொட்டகை ஒரு வகை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படம் மற்றொரு வகை. இவ்விரண்டையும் இன்று அருகருகே வைத்துப் பார்ப்போம்.

டிரைவ்-இன் கொட்டகை பிறந்த இடம் அமெரிக்கா. நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தம் வீட்டு வாசலிலேயே இதற்கான சோதனைகளைச் செய்தார். மரங்களுக்கிடையே துணியைக் கட்டினார். காரின் முன்மூடி மேல் படக்கருவியை வைத்தார். திரைக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை ஒலிக்கவிட்டார். மழை பெய்தால் என்ன ஆகும் என்றறிய, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டுக் காருக்குள் அமர்ந்து பார்த்தார். பிறகு, 1933ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், கேம்டன் நகருக்கு அருகில் முதல் டிரைவ்-இன் கொட்டகையைத் திறந்தார். காருக்கு 25 காசு, ஆளுக்கு 25 காசு என்பது அன்றைய கட்டணம்.

அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்கள் மூன்று.

முதலாவது, பார்வை. முன்னே நிற்கும் கார் பின்னே நிற்கும் காரை மறைக்கும். இதற்காக அவர் நிலத்தை வரிசை வரிசையாக மேடு கட்டினார். காரின் முன்சக்கரங்கள் மேட்டின் மேல் ஏறி நிற்கும், பின்சக்கரங்கள் தாழ்ந்திருக்கும். இதனால் காருக்குள் இருப்பவரின் பார்வை, முன்னால் உள்ள காரின் கூரைக்கு மேலாகத் திரையை எட்டும். மலைச்சரிவில் படிக்கட்டு வெட்டிக் கன்று நடுவதைக் கண்டிருக்கும் நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும்.

இரண்டாவது, ஒலி. தொடக்கத்தில் திரையருகே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் தூரம்தான் செல்லும். ஒளியோ கண் இமைக்கும் முன்பே வந்துவிடும். ஆகவே, திரைக்கு 170 மீட்டர் தள்ளி நிற்கும் காரில் இருப்பவருக்கு, நடிகரின் உதடு அசைந்து அரை நொடி கழித்துத்தான் பேச்சு கேட்கும். அதோடு, அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுகிறது என்று முறையிட்டார்கள். அதனால், பின்னாளில் ஒவ்வொரு காருக்கும் ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கம்பத்திலிருந்து எடுத்துக் கண்ணாடியில் மாட்டும் முறை வந்தது. அதற்கும் பின்னர், காரின் வானொலியிலேயே படத்தின் ஒலியைக் கேட்கும் முறை வந்தது.

மூன்றாவது, இருட்டு. வெயில் அடங்கினால்தான் திரையில் உருவம் தெரியும். கோடையில் அமெரிக்காவில் பொழுது சாய இரவு ஒன்பது மணியும் ஆகும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். ஆண்டு முழுவதும் மாலை ஏழு, ஏழரைக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். அந்திவெளிச்சமும் விரைவில் ஓய்ந்துவிடுகிறது. எந்த மாதமானாலும் எட்டு மணிக்குப் படம் போடலாம். திறந்தவெளிப் படத்துக்கு நம் நாடு மிகவும் ஏற்றது. குறை ஒன்றே ஒன்று, மழை!

அமெரிக்காவில் 1950களின் இறுதியில் இத்தகைய கொட்டகைகள் நாலாயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றில் பல சிற்றூர்களின் ஓரத்தில், மலிவான நிலத்தில் அமைந்தவை. கோடை விடுமுறையில் ஊர் ஊராகக் காரில் சென்று, இன்னும் எஞ்சியிருக்கும் கொட்டகைகளில் படம் பார்த்து வருவோர் அங்கே இன்றும் உள்ளனர்.

நாமும் அப்படி ஒரு சாலைப் பயணத்தை மனத்தால் மேற்கொள்வோம். ஷா ஆலமிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் போய், ஜொகூரில் இரண்டாவது பாலத்தைக் கடந்தால், சிறிது தூரத்தில் சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரம் வரும். அங்கே 1971ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் கேத்தே நிறுவனம் ஒரு டிரைவ்-இன் கொட்டகையைத் திறந்தது. 900 கார்கள் நிற்கும் இடம் அது. கார் இல்லாதவர்களுக்காக 300 இருக்கைகளும் அங்கே இருந்தன. வீட்டுக்கு வீடு வீடியோ பரவிவந்த 1985ஆம் ஆண்டில், செப்டம்பர் 30ஆம் நாள் அது மூடப்பட்டது. மழை பெய்தால் கண்ணாடியில் வழியும் நீரைத் துடைத்துத் துடைத்துப் படம் பார்க்க வேண்டும். வீட்டிலோ அந்தத் தொல்லை இல்லை.

இந்தியாவுக்குப் போனால், அகமதாபாத்தில் 1973இல் திறக்கப்பட்ட டிரைவ்-இன் கொட்டகையின் பெயரால் ஒரு சாலையே 'டிரைவ்-இன் சாலை' என வழங்குகிறது. தமிழ்நாட்டில், சென்னையை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா என்ற கொட்டகை இருந்தது. அங்கே வந்த குடும்பங்கள் பல, காருக்குள் அடைந்து கிடக்கவில்லை. காரின் அருகே பாயை விரித்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்து, கூடி உண்டபடியே படம் பார்த்தன. தமிழர் காரில் போனாலும் பாயை மறப்பதில்லை!

அந்தப் பாய் நம்மை மீண்டும் தோட்டத்துக்கே அழைத்து வருகிறது. பால்மரக் காட்டில் வேலை செய்த நம் பாட்டன் பாட்டிகளிடம் கார் ஏது? பட்டணத்துக் கொட்டகைக்குப் போக வேண்டுமானால் சைக்கிள் வேண்டும், அல்லது தோட்டத்து லோரி கிடைக்க வேண்டும். ஆகவே, அவர்கள் படத்தைத் தேடிப் போகவில்லை. படமே வேனில் ஏறி அவர்களைத் தேடி வந்தது.

1946இல் மலாயன் பிலிம் யூனிட் என்ற அரசாங்கப் படப்பிரிவு தொடங்கப்பட்டது. 1963இல் அது பிலிம் நெகாரா ஆயிற்று. அதன் செய்திப் படங்களுக்கும் அறிவுரைப் படங்களுக்கும் மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகளில் விளக்கவுரை சேர்த்தார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் படவேன்கள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அவற்றைக் கொண்டு சென்றன. மக்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்வதே அரசாங்கத்தின் நோக்கம். கொசு ஒழிப்பு, சுத்தம் போன்ற பாடங்களும் இடையே வந்தன. இவை தவிர, விளம்பரத்துக்காகக் கம்பெனிகள் அனுப்பிய வேன்களும், கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த தமிழ்ப் படங்களும் இருந்தன.

வேனில் இருந்த பொருள்கள் மிகச் சில: மின்சாரம் தரும் ஜெனரேட்டர், படக்கருவி, குழல் ஒலிபெருக்கி, இரண்டு கம்பம், ஒரு வெள்ளைத் துணி. படச்சுருளின் அகலம் 16 மில்லிமீட்டர். ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். 1,600 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 44 நிமிடம் வரும். ஆகவே, இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு நான்கு சுருள் வேண்டும். ஒரே கருவி இருந்தால், சுருள் மாற்றும்போதெல்லாம் திடலில் விளக்கு எரியும். கச்சாங் பூத்தே விற்பவருக்கு அதுவே நல்ல நேரம்.

துணித்திரைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒளி துணியைத் துளைத்துப் பின்புறமும் தெரியும். பிந்தி வந்தவர்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்துகொள்வார்கள். அவர்களுக்குப் படம் கண்ணாடியில் காண்பதுபோல் இடம்வலமாக மாறித் தெரியும். எழுத்துகள் தலைகீழ்த் திசையில் ஓடும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். ஆனாலும், கதை ஒன்றுதான், கண்ணீரும் ஒன்றுதான்.

பள்ளிக்கு வரும் தாத்தா பாட்டிகளிடம் ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்டறிந்தவை இவற்றுள் பல. முன்னால் நாற்காலிகள் மேனேஜருக்கும் கிராணிமாருக்கும். பாயும் சாக்கும் தொழிலாளருக்கு. அந்த வேற்றுமையை மறைப்பதற்கில்லை. ஆயினும், லயத்தில் உள்ள அத்தனை பேரும், கைக்குழந்தை முதல் கண் மங்கிய கிழவி வரை, ஒரே இடத்தில் கூடி ஒரே நேரத்தில் சிரித்த இடம் அந்தத் திடல்தான். நள்ளிரவில் படம் முடிந்து, விடியுமுன்னே பெரட்டுக்கு எழுந்து நின்றார்கள் என்றால், அந்த ஒன்றுகூடலின் அருமை விளங்கும்.

டிரைவ்-இன் கொட்டகையில் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கண்ணாடிக்குள் இருந்தது. தோட்டத்துத் திடலில் ஒரு சமுதாயமே அமர்ந்திருந்தது. இதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. இரண்டும் மங்கியதற்கோ ஒரே மாதிரியான காரணங்கள் உண்டு. 1963இல் நம் நாட்டில் தொலைக்காட்சி வந்தது. பின்பு வீடியோ வந்தது. அதைவிடப் பெரிய காரணம் நிலம். அமெரிக்காவில் ஊர் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியபோது, டிரைவ்-இன் இருந்த இடத்தில் கடைகளும் வீடுகளும் எழுந்தன. இங்கேயோ தோட்டங்களே நகரங்களாயின. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் என்னும் தோட்ட நிலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. லயமும் திடலும் அவர்களோடு போகவில்லை.

இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது. படத்துக்குக் குறைவில்லை, கூடி அமர்வதுதான் குறைந்துவிட்டது. இதற்கு நாம் செய்யக்கூடியது உண்டு. பள்ளித் திடலோ, கோயில் திடலோ, அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபமோ ஏதாவது ஒன்று நம்மிடம் எஞ்சியிருக்கிறது. ஒரு வெள்ளைத் துணியும், சிறிய படக்கருவியும், ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். திரையின் முகம் மேற்கே பார்க்காதபடி கட்டுங்கள். மின்கம்பிகள் ஈரத்தில் கிடக்காதபடி பாருங்கள். படத்தின் உரிமையாளரிடமும், இடத்துக்குப் பொறுப்பானவரிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

படம் தொடங்கும் முன் அரை மணி நேரத்தைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். எந்தத் தோட்டத்தில், எந்தத் திடலில், யார் யாரோடு அமர்ந்து முதல் படம் பார்த்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இடித்த லயத்தைத் திரும்பக் கட்ட நம்மால் முடியாது. அங்கே வாழ்ந்தவர்கள் யார், எப்படி மகிழ்ந்தார்கள் என்பதை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க நம்மால் முடியும். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.