தொடையில் இருக்கிறது மூச்சு

நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆக்சிஜன் என்று சில நாட்கள். வீசிங் அடங்கிவிட்டது, டிஸ்சார்ஜ் சீட்டும் கைக்கு வந்துவிட்டது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் அன்றுதான் தொடங்குகிறது. அமெரிக்காவில், முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுக் கணக்குப்படி, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முப்பது நாளுக்குள் மறுபடியும் அட்மிட் ஆகிறார்.

இவர்களுக்குக் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. குறுகிப்போன சிறு குழாய்கள் வழியே காற்று மெல்லத்தான் வெளியேறும். கொஞ்சம் எட்டி நடந்தால் மூச்சு வேகமெடுக்கிறது. உள்ளே போனது வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. மிச்சக் காற்று சேர்ந்து நெஞ்சு உப்பிக்கொள்ள, புதுக்காற்றுக்கு இடமில்லை. பாத்ரூம்வரை போய்வந்தவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதியபடி நிற்பது இதனால்தான்.

இதில் தொடைக்கு என்ன வேலை? படுக்கையில் கிடந்த நாட்களில் தொடைத் தசை கரைகிறது. ஸ்டீராய்டும் அதற்குத் துணைபோகிறது. நலிந்த தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தை அதிகமாக உண்டாக்கும். ரத்தம் அதைச் சமன்செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. அதை வெளியேற்ற மூச்சு இன்னும் வேகமாகிறது, நெஞ்சில் இன்னும் காற்று அடைபடுகிறது. தசையை வலுவாக்கினால் மூச்சின் வேகம் தணிந்து, காற்று வெளியேற அவகாசம் கிடைக்கிறது. ஊதிப் பார்க்கும் சோதனையில் நுரையீரலின் அளவு அப்படியேதான் இருக்கும். ஆனாலும் அதே மனிதரால் மாடிப்படி ஏற முடியும்! பழுதான உறுப்பைத் தொடாமலே அதன் சுமையை இறக்கிவைக்கும் இந்த வழி எனக்குத் தீராத வியப்பு.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்பது இதுதான். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நடை, சைக்கிள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கும். கூடவே இன்ஹேலரைச் சரியாக இழுக்கவும் சொல்லித்தருவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், இரண்டு மாதம்போல.

2014இல் இந்நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 1,97,376 மெடிகேர் நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2020இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. வீடு திரும்பி 90 நாளுக்குள் பயிற்சியைத் தொடங்கியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். தெம்பு உள்ளவர்களே அதிகம் சேர்ந்திருக்கலாம் என்பதால் வித்தியாசம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. என் மனதை அறுப்பது வேறொரு எண்: அப்படித் தொடங்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

பயிற்சிக்கு வேளையும் முக்கியம். அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள், நோய் தணியும் முன்பே தொடங்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் பிரிட்டனில் வெளியானது. மறுபடி அட்மிட் ஆவது அதனால் குறையவில்லை. அப்படி முன்கூட்டியே தொடங்கிய குழுவில் ஓராண்டு இறப்பு கூடுதலாகவே இருந்தது. பிரிட்டனின் தர விதி இப்போது சொல்லும் கெடு, டிஸ்சார்ஜ் ஆன நான்கு வாரத்துக்குள் என்பது.